லைன் அக்கா பதில்கள்

திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் செக்கிங் மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ் என்று ஏறி, புரொடக்‌ஷன் மேனேஜராக ஓய்வு பெற்றவர் நம் ‘லைன் அக்கா’. கீழே இருக்கிறவர்களை மேலே ஏற்றி விடுவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

அக்கா, நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் லைனில் ஹெல்பராக இருக்கிற ஒரு பொண்ணு, ஓவர்லாக் (துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற மெஷின்) கற்றுக்கொள்ளணும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கைவேகமும் இருக்கிறது. மேனேஜரிடம் சொன்னால் ‘புரொடக்‌ஷன் நேரத்தில் டிரெய்னிங்கா?’ என்று சத்தம் போடுகிறார். டார்கெட்டையும் எடுக்கணும், அவளையும் ஏற்றி விடணும். என்ன வழி?
– பெயர் வேண்டாம், பெருமாநல்லூர்

உங்கள் மேனேஜரை வில்லனாக்க வேண்டாம், கண்ணு. மணிக்கொரு தடவை போர்டில் பீஸ் எண்ணிக்கை எழுதி, குறைந்தால் மேலே பதில் சொல்கிற மனுஷன் அவர். ‘அந்தப் பொண்ணு பாவம், ஆசைப்படுது’ என்று போய் நின்றால் அவர் காதில் ஏறாது. ‘தீபாவளி முடிந்த வாரம் ஓவர்லாக்கில் ரெண்டு பேர் வரவில்லை என்றால் யாரை உட்கார வைக்கிறது சார்?’ என்று கேளுங்கள். போன தீபாவளிக்கு அவர் பட்ட பாடு அவருக்கே ஞாபகம் வந்துவிடும்.

நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைக் கேட்காதீர்கள். ஸ்டைல், அதாவது தைக்கிற மாடல், மாறுகிற நாளைப் பிடியுங்கள். புது ஸ்டைல் ஏற்றுகிற அன்று காலையில் முதல் பண்டில் (வெட்டின துணிக் கட்டு) தோள் ஜாயிண்டில்தான் நிற்கும். சைடு ஜாயிண்ட் அடிக்கிற ஓவர்லாக் வரைக்கும் அது நகர்ந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதுவரை அந்த மெஷின் சும்மா நிற்கும், டெய்லர் டீக்குப் போயிருப்பார். அந்த நேரம் யார் டார்கெட்டிலும் இல்லை. கட்டிங் டேபிளில் ஒரு மூட்டை வேஸ்ட் துணி வாங்கி முந்தின நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எப்படிச் சொல்லிக் கொடுப்பது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ‘பக்கத்துல நின்னு பாரு, தானா வரும்.’ வரும்தான், வருஷக் கணக்கில் ஆகும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில், சண்டைக்குப் போன ஆட்களின் இடத்தில் ஃபேக்டரிக்குள் காலெடுத்தே வைக்காதவர்களை உட்கார வைக்க வேண்டி வந்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அதற்காக 1940-இல் தொடங்கி 1945 வரை சூப்பர்வைசர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவுக்குள்ளும் நுழைந்தது. சூப்பர்வைசர் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற சின்ன அட்டை ஒன்று, அதில் நாலு படி. கற்கிறவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேள். ஒவ்வொரு அசைவாகச் செய்து காட்டு, எங்கே கவனம் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல். அவரையே செய்யவிடு, செய்துகொண்டே உனக்கு விளக்கச் சொல். பிறகு தனியாக விடு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கணும் என்று சொல்லிவிட்டு அடிக்கடி போய்ப் பார், போகப் போகக் குறைத்துக்கொள். அந்தத் திட்டத்தின் முழக்கமும் எனக்குப் பிடிக்கும்: கற்றவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால், கற்பித்தவர் கற்பிக்கவில்லை.

முதல் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். ஹெல்பருக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் நின்று நூல் வெட்டிக்கொண்டிருப்பவளுக்கு எந்த டெய்லர் அடித்தால் தையல் பிரியும், யார் துணியை இழுத்துப் பிடித்து அடிக்கிறார்கள் என்பதெல்லாம் அத்துபடி. கேட்டுப் பாருங்கள், உங்களுக்கே புதுச் செய்தி கிடைக்கும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், நான் நூல் கோப்பதிலிருந்து தொடங்குவேன். சிரிக்காதீர்கள். கோன் தீரும்போது பழைய நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுகிற பழக்கம் நமக்கு. அதனால் பல வருஷம் ஓவர்லாக் ஓட்டினவர்களுக்கே முழுசாகக் கோக்கத் தெரியாது. நூல் மொத்தமாக உருவிக்கொண்டால் மெக்கானிக்கைத் தேடி உட்கார்ந்திருப்பார்கள். நூலை வளையமாக்குகிற கொக்கிதான் லூப்பர். மேல் லூப்பர், கீழ் லூப்பர், கடைசியாக ஊசி. இந்த வரிசை மாறினால் நாலு தையலில் மறுபடி அறும். அவளையே மொத்த நூலையும் உருவிவிட்டு மறுபடி கோக்கச் சொல்லுங்கள், அலுத்துப் போகிற வரைக்கும். அதற்குப் பிறகு மெஷின் நின்றால் அவள் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியம்தான் முதல் வளர்ச்சி, வேகம் அப்புறம் வரும்.

கோத்தது கைக்கு வந்ததும் வேஸ்ட்டில் நேர்த் தையல், பிறகு வளைவு. ஓடுகிற பீஸுக்கு எப்போது வருவது என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், அவளே சொல்லட்டும். தான் அடித்ததைத் தானே திருப்பிப் போட்டு, செக்கிங் பெண்கள் பார்க்கிற மாதிரி பார்த்து, ‘இது பாஸ், இது ஆல்டர் (திருத்தித் தைக்கணும்)’ என்று பிரித்து வைக்கட்டும். அவள் பிரித்ததும் செக்கர் பிரித்ததும் ஒத்துப்போகிற அன்றைக்கு லைனுக்குள் விடலாம். என் சர்வீஸ் முழுக்க நான் கண்டது ஒன்றுதான்: சொன்னதைச் செய்கிறவர் திறமைசாலி ஆகலாம், வளர மாட்டார். ஏதோ ஒரு முடிவு, சின்னதாக இருந்தாலும் நிஜமான முடிவு, அவர் கைக்கு வந்தால்தான் வளர்வார்.

கடைசியாக, மேனேஜரிடம் ஒரு பேச்சை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். அவள் டெய்லர் வேலை பார்க்கிற அன்றிலிருந்து டெய்லர் சம்பளம். ஓவர்லாக்கில் உட்கார வைத்து ஹெல்பர் கூலி கொடுத்தால், நீங்கள் பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் தயார் பண்ணிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

நானும் டெய்லருக்கு உதவியாக இருக்கிற கைமடியாக இருந்து மேலே வந்தவன்தான். இன்றைக்கு முப்பது மெஷின் வைத்திருக்கிறேன். கற்றுக்கொடுத்த ஆள் அடுத்த மாதமே போய்விடுகிறான். வாரத்துக்கு நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போதும். வளர்த்துவிட்டு நஷ்டப்படுவதற்கு, வளர்க்காமலே இருந்துவிடலாம் போல இருக்கிறது.
– ஒரு யூனிட் உரிமையாளர், அனுப்பர்பாளையம்

உங்கள் கடிதத்தின் முதல் வரியை உங்கள் பழைய முதலாளியிடம் காட்டிப் பாருங்கள் சார். ‘கற்றுக்கொடுத்தேன், போய்விட்டான்’ என்று அவரும் யாரிடமாவது புலம்பியிருப்பார்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. இந்த ஊர் அப்படித்தான் உண்டானது. 1978-இல் வெரோனா என்கிற இத்தாலி வியாபாரி வெள்ளை டீ-ஷர்ட் தேடிக்கொண்டு திருப்பூர் வந்த கதையை எக்ஸ்போர்ட்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஆர்டர் வந்த வேகத்துக்குப் புதுசு புதுசாக யூனிட் போட்டது யார்? கட்டிங் மேஜையில் நின்றவர்கள், சிங்கர் மெஷினில் உட்கார்ந்தவர்கள், உங்களைப் போலக் கைமடி வேலை பார்த்தவர்கள். விவசாயக் காட்டை விற்று, கொஞ்சம் கடன் வாங்கி, இரண்டு மெஷின் போட்டு, பழைய முதலாளியிடமே ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்தவர்கள். போகிற ஆளைப் பிடித்துக் கட்டிவைத்திருந்தால் நாம் இன்னும் உள்ளூர்ச் சந்தைக்குக் கைவைத்த பனியன் தைத்துக்கொண்டிருப்போம்.

கட்டி வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. நம் பக்கத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலி’ என்று ஒரு திட்டம் நடந்ததே: வயசுப் பெண்களை ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று. இடையில் நின்றால் அந்தத் தொகை கிடைக்காது. உடம்பு முடியாமல் பாதியில் ஊருக்குப் போன பெண்கள் எத்தனை பேர். ஆளைத் தக்கவைப்பது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கோர்ட்டு, வெளிநாட்டு பையர் (நம்மிடம் துணி வாங்குகிற கம்பெனி) என்று பிரச்சினை வந்த பிறகுதான் பலர் விட்டார்கள். நீங்கள் அந்த ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் ‘எப்படிப் போகாமல் வைப்பது’ என்ற கேள்வியிலேயே நின்றால் யோசனை அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

நூறு ரூபாய்க்காகப் போகிறார்கள் என்கிறீர்கள். போனவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். பிளாட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கிற மெஷின்) கற்ற பிறகும் உங்கள் கம்பெனியில் அவனைப் பழைய ஹெல்பர் மாதிரி ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். போன இடத்தில் டெய்லராகவே நுழைந்திருப்பான். இந்த வித்தியாசத்துக்குத் தனியாகச் செலவில்லை, சூப்பர்வைசர் வாயைக் கொஞ்சம் திருத்தினால் போதும்.

அப்படியும் போவார்கள். போகிறவர்களை நன்றாக அனுப்பிவையுங்கள். என்னிடம் செக்கிங்கில் இருந்த ஒரு பெண் பிற்பாடு தனியாக செக்கிங் கான்ட்ராக்ட் எடுத்தாள். ஷிப்மெண்ட் நெருக்கடியில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நான் போன் போட்டால் ஆட்களோடு வேன் பிடித்து வந்து நிற்பாள். அவளைச் சண்டை போட்டு அனுப்பியிருந்தால் எடுத்திருப்பாளா?

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியொன்றில் டீம் லீடாக இருக்கிறேன். உங்களுக்கு எங்கள் துறை பழக்கமில்லை என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். டீமில் ஒவ்வொருவரோடும் மாதம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று எங்களுக்கு விதி. ‘எப்படிப் போகுது?’ என்றால் ‘எல்லாம் ஓகே.’ ‘அஞ்சு வருஷத்துல எங்க இருக்கணும்?’ என்றால் சிரிப்பு. வேலையில் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், கோவை

அஞ்சு வருஷக் கேள்வியை என்னிடம் கேட்டாலும் சிரித்துத்தான் இருப்பேன், தம்பி. பொண்ணு பார்க்க வந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. கேட்கிறவருக்கும் பதில் வேண்டாம், சொல்கிறவருக்கும் தெரியாது.

போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘எந்த வேலை செய்யும்போது எரிச்சலா இருந்துச்சு? அது உன் கையில இருந்தா எப்படி மாத்துவே?’ இரண்டாவது பாதிதான் முக்கியம். சொல்கிற யோசனை உருப்படியாக இருந்தால் அந்த வாரமே அதை அவர் பொறுப்பில் விடுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்று சொல்லுங்கள். இரண்டும் செய்யாமல் நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போனால், அடுத்த மாதமும் ‘எல்லாம் ஓகே’தான். சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்ட ஆளின் பதில் அது.

அர்த்தத்துக்கு வருகிறேன். எக்ஸ்போர்ட் லைனில் ஊசி உடைந்தால் ஒரு சட்டம் உண்டு. உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒன்று சேர்த்தால் முழு ஊசி வருகிறதா என்று பார்த்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்து பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துத் தேட வேண்டும். புதுசாக வருகிற டெய்லர்களுக்கு இது பெரிய ரோதனை. ‘பையர் ரூல், தேடு’ என்று விரட்டினால் தரையில் கண்ணை ஓட்டிவிட்டு, ‘கிடைக்கலைங்க’ என்பார்கள். நான் கைக்குழந்தைக்குத் தைத்த ரோம்பர் சாம்பிள் ஒன்றை என் மேஜை டிராயரில் வைத்திருப்பேன். என் ரெண்டு கை அளவுதான் இருக்கும். தேட மாட்டேன் என்று நிற்கிறவளிடம் அதைக் கொடுத்து, ‘இதுக்குள்ள அந்தத் துண்டு இருந்தா?’ என்று மட்டும் கேட்பேன். காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் போய்விடுவாள். அவ்வளவுதான் நான் கொடுத்த வகுப்பு.

செய்கிற வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தவருக்கு அர்த்தத்தை வேறு யாரும் ஊட்ட வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனுஷர், அந்த விரல்களோடுதான் ஆபரேஷன் செய்தார். ஆனால் நான் அவரைவிட அதிகம் யோசித்தது அங்கே வேலை பார்க்கிற பெண்களைப் பற்றி. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வை பரிசோதிப்பது, கண்ணாடிப் பவர் பார்ப்பது, நோயாளிக்கு எடுத்துச் சொல்வது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் ஒரு மேஜையில் கண்புரை ஆபரேஷன் முடித்துத் திரும்பினால் அடுத்த மேஜையில் ஆள் தயாராக இருக்கும். வேலை எங்கேயும் தேங்காமல் ஆட்களைப் பிரித்துப் போடுகிற லைன் பேலன்ஸிங் தெரிந்த எனக்கு அதைப் படித்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பார்வை தெரியாமல் கையைப் பிடித்துக் கூட்டிவரப்பட்ட பாட்டி, கட்டுப் பிரித்ததும் தன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அந்தப் பெண் பார்க்கிறாள். அங்கே யாரும் சுவரில் லட்சிய வாசகம் எழுதித் தொங்கவிட வேண்டியதில்லை.

உங்கள் பசங்க எழுதுகிற புரோகிராமை ஏதோ ஒரு பில்லிங் கவுண்டர் பெண்ணோ, குடோன்காரரோ தினமும் தட்டிக்கொண்டிருப்பார் இல்லையா? கம்பெனி அனுமதித்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஆள் என்றால் வீடியோ காலிலாவது. அந்தப் பெண் எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறாள் என்று பார்த்தால் போதும்.

ஒன்றே ஒன்று: ‘இது சேவை மாதிரி, பணத்தைப் பார்க்காதே’ என்று அர்த்தத்தைக் காட்டிச் சம்பளத்தைப் பிடிக்கிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு என் பதிலைப் பயன்படுத்தாதீர்கள்.

தொழிலாளர்களுக்கு உற்சாகம் வர, பிரபல தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைக்க இருக்கிறோம். உங்கள் கருத்து?
– மனிதவள மேலாளர், அவிநாசி

அந்தப் பணத்தில் அயர்னிங் செக்‌ஷனுக்கு இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், செக்கிங் மேஜைக்கு நல்ல டியூப் லைட். மிச்சம் இருந்தால் கூப்பிடுங்கள், நானும் வந்து கேட்கிறேன்.

‘தோல்வியைத் தலைவர் ஏற்க வேண்டும், வெற்றியை அணிக்குக் கொடுக்க வேண்டும்’ என்பதற்குக் கலாம் – சதீஷ் தவான் நிகழ்ச்சியை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எங்கள் ஆசிரியர் கூட்டத்திலும் சொன்னேன். கைதட்டினார்கள், மறுநாள் எதுவும் மாறவில்லை. அது வெறும் கதைதானா?
– தனியார் பள்ளி முதல்வர், தாராபுரம்

கதை நிஜம்தான், பாதியில் நிறுத்திவிடுகிறோம். 1979 ஆகஸ்ட் 10-இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை ஏவினார்கள், அது கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கோளாறு. திட்ட இயக்குநர் கலாம். பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்றைக்குப் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். மேடையில் இவ்வளவும் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுவார்கள்.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். தோற்ற ஆளிடமிருந்து திட்டத்தைப் பிடுங்கவில்லை. அதே ஆள், அதே பொறுப்பு, அடுத்த ராக்கெட். பத்திரிகைக்காரர் முன் திட்டு வாங்குவது பெரிய மனசுதான். ஆனால் நாடே பார்க்கத் தோற்றவரிடம் மறுபடி அதையே ஒப்படைப்பதற்கு இன்னும் பெரிய நெஞ்சுரம் வேண்டும். எது தவறிப்போனது என்று உட்கார்ந்து துருவியிருக்கிறார்கள். யாரைத் தூக்குவது என்று பார்த்திருந்தால் வால்வு வரைக்கும் போயிருக்க மாட்டார்கள்.

எங்கள் பிழைப்பிலும் இது வரும். பையரின் ஆள் வந்து, பேக்கிங் முடிந்த பெட்டிகளில் கணக்குப்படி எடுத்துப் பார்த்து ‘ஃபெயில்’ என்று எழுதிவிட்டுப் போவார். அப்போது இன்சார்ஜ் முன்னால் நிற்பதில்லை, லைன் சூப்பர்வைசரை நிற்க வைப்பார்கள். அதுவாவது பரவாயில்லை. அடுத்த பெரிய ஆர்டர் வரும்போது, ‘அவகிட்டயா? வேண்டாம், போன தடவையே ஃபெயில்’ என்பார்கள். அதோடு அந்தப் பெண் முடிந்தாள். இனி எதிலும் தானாகக் கை வைக்க மாட்டாள், எல்லாவற்றுக்கும் மேலே கேட்டுக்கொண்டுதான் செய்வாள்.

உங்கள் பள்ளியில் ஆண்டு விழாவைக் கெடுத்துவிட்டதாகப் பெயர் வாங்கிய டீச்சர் யாராவது இருப்பார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் இறங்கியதால் ஒன்பதாம் வகுப்புக்கு இறக்கப்பட்ட வாத்தியார் இருப்பார். இந்த வருஷம் அதே பொறுப்பை அவரிடமே கொடுங்கள், போன வருஷம் என்ன தடுத்தது என்று கேட்டு, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு. தாளாளர் சம்மதிக்க மாட்டார் என்பீர்கள். அவரிடம் பேசுவதுதான் உங்கள் வேலை. மற்ற எல்லாவற்றையும் டீச்சர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் யூனிட்டில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பசங்க. வேலை சுத்தம். ஆனால் வளரணும் என்ற எண்ணமே இல்லை. தப்பைக் கண்ணால் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. போன மாதம் முன்பக்கமும் பின்பக்கமும் ஷேடு (நிறச் சாயல்) மாறித் தைத்துக் குவித்துவிட்டார்கள். கேட்டால் ‘பாத்தேன் சார்’ என்கிறான் ஒருத்தன்!
– ஃப்ளோர் இன்சார்ஜ், பல்லடம்

தன்பாத் எக்ஸ்பிரஸில் உட்கார இடமில்லாமல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தவனுக்கு வளர ஆசை இல்லையா, தம்பி? உங்களிடம் சொல்லவில்லை என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

பார்த்தேன் என்று ஒத்துக்கொண்டானே, அவன் நல்ல பையன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று யோசியுங்கள். பாஷை ஒன்று. இன்னொன்று, முன்பு யாரோ ஒருத்தன் மெஷினை நிறுத்தியபோது என்ன வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று அவன் பார்த்திருப்பான். டொயோட்டா ஃபேக்டரியில் பல காலம் லைன் நெடுக ஒரு கயிறு ஓடியது. கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். வேலை அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காது, இல்லையென்றால் நிற்கும். நமக்குக் கயிறு வேண்டாம், மெஷினுக்கு ஒரு சிவப்புத் துணிக்கொடி போதும், பாஷையும் தேவையில்லை. ஆனால் கொடி தூக்கினவனிடம் போய் நீங்கள் சொல்கிற முதல் வார்த்தையில் எல்லாம் இருக்கிறது. ‘க்யா ஹுவா?’ (என்ன ஆச்சு?) என்று முறைத்தால் அந்தக் கொடி அன்றோடு அழுக்குத் துடைக்கப் போய்விடும். ‘அச்சா கியா’ (நல்லது செஞ்சே) என்று சொல்லிவிட்டுப் பிறகு என்னவென்று பாருங்கள். ஷேடு மாறவில்லை, அவன் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிந்தது என்றாலும் அதையேதான் சொல்லணும்.

அந்தப் பசங்களில் நல்ல தையல்காரன் ஒருவனைப் புதுசாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆளாகப் போடுங்கள். அந்த நேரத்துக்கு பீஸ் ரேட் (பீஸ் எண்ணிக் கொடுக்கிற கூலி) போகுமே, அதை ஈடுகட்டி விடுங்கள். ஒடியாவில் அவன் சொல்வதைக் கேட்டால், உங்கள் லைனில் இத்தனை பேச்சுக்காரர்கள் இருந்தார்களா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அக்கா, வரும் திங்கட்கிழமையிலிருந்து என்னை சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். நேற்று வரைக்கும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட சிநேகிதிகள் மேலேயே. பயமாக இருக்கிறது. முதலில் என்ன செய்யட்டும்?
– ஒரு பிளாட்லாக் டெய்லர், ஊத்துக்குளி

வாழ்த்துகள், அம்மணி. சாப்பாட்டு இடத்தை மாற்றாதே. டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போனாயோ, அன்றைக்கே நீ வேறு ஆள்.

முதல் வாரத்தில் யாரையும் இடம் மாற்றாதே, வேகம் பற்றிப் பேசாதே. ஒவ்வொருத்தரிடமும் போய், ‘உன் மெஷின்ல என்ன தொந்தரவு?’ என்று கேட்டு எழுது. ஸ்டூல் உயரம், பெடல் சத்தம், பக்கத்து ஆள் பண்டிலை எறிகிற விதம் என்று வரும். அதில் உன்னால் முடிகிற ஒன்றிரண்டை சனிக்கிழமை கூலி போடுவதற்குள் முடித்துவிடு.

பண்டில் பிரிக்கும்போதுதான் உன்னை எடைபோடுவார்கள். வெள்ளை, வெளிர் நிறம் எல்லாருக்கும் வேண்டும். கருப்பும் நேவியும் கண்ணைப் பிடுங்கும், பீஸ் ரேட்டில் காசு குறையும். முதல் நாள் கருப்பு பண்டில் உன் நெருங்கின சிநேகிதிக்குப் போகட்டும், அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மறுநாளிலிருந்து முறை வைத்துப் போடு, அந்த முறையை எழுதி ஒட்டு.

பெரிய விஷயம் ஒன்று பாக்கி. நீ எழுந்து வருகிற பிளாட்லாக்கில் யார் உட்காரப் போகிறார்கள்? சொல்லாமல் விட்டால் மேனேஜர் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து போட்டுவிடுவார். உனக்குக் கீழே நூல் வெட்டிக்கொண்டிருப்பவர்களில் பாட்டம் (துணியின் அடி ஓரம்) மடித்துத் தைக்க ஆசைப்படுகிறவள் யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மேனேஜருக்கு போன் போட்டு அவள் பெயரைச் சொல்லிவிடு.